கொடி கீழே, பிரஷர் மேலே, மாரியில் பிரசவம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி எழுதிக் கேட்டதற்கு இந்தப் பதில். அவருக்கு இப்போது 30 கிழமை. மூத்தவனுக்கு மூன்று வயது, அவனைச் சீசர் செய்துதான் எடுத்தார்கள். இந்த முறை ஸ்கேனில் கொடி கீழே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். போன கிளினிக்கில் பிரஷர் 140/90. மார்கழி நடுப்பகுதியில் பிரசவ நாள். ‘எதை ஆயத்தப்படுத்துவது என்றே தெரியவில்லை மிஸ். பிள்ளைக்கு ஒரு துணிகூட முன்கூட்டி வாங்க அம்மா விடமாட்டேன் என்கிறா. 34 கிழமையில் வார்ட்டில் வந்து தங்கச் சொல்வார்களாம், மூத்தவனை என்ன செய்வது? பிள்ளை பிறந்ததும் இன்குபேட்டர் பெட்டிக்குள்தான் இருக்குமா?’ இதுதான் அவர் கேட்டது.

மகள், நான் ஊரில் மருத்துவமாதாகவும் பிறகு பிரசவ வார்ட்டிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் இல்லை. ஆகவே நான் சொல்வதும் உங்கள் டொக்டர் சொல்வதும் எங்காவது முட்டினால் டொக்டர் சொல்வதையே கேளுங்கள்.

பிரசவத்துக்கு ஆயத்தம் என்றால் எல்லோரும் பையைத்தான் நினைக்கிறார்கள். சுகப்பிரசவத்துக்குப் பை கட்டினால் போதும். உங்களைப்போல மூன்று சிக்கலும் ஒன்றாக வந்தவருக்குப் பை கடைசி வேலை. முதல் வேலை நேரத்தை மிச்சம்பிடிப்பது. ரத்தம் பட்டால் அல்லது தலையிடி வந்தால், ‘போவோமா விடுவோமா’ என்று வீட்டில் கதைப்பதில் எவ்வளவு நேரம் போகும்? வாகனம் பிடித்து மட்டக்களப்பு வாவியைக் கடக்க எவ்வளவு? வாசலில் இறங்கிய பிறகு உங்கள் கதையை முதலிலிருந்து சொல்லி முடிக்க எவ்வளவு? தாய்மார் ஆபத்தில் விழுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் சுணங்கித்தான். மூன்றையும் இன்றைக்கே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, குறைத்து வைக்கலாம்.

ஒரு கதை சொல்கிறேன், பயமுறுத்த அல்ல. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் நம்ம ஆக்கள் பாதையில்தான் கடக்க வேண்டும். (இளம் பிள்ளைகளுக்கு: வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் இங்கே பாதை என்போம்.) வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எட்டு மாதக்காரி ஒருத்திக்கு விடியற்காலையில் ரத்தம் பட்டது. நோவு இல்லை. மத்தியானம் நின்றும்விட்டது. புருஷன் வயல்வாடியில், அவர் வந்த பிறகு போவோம் என்று தாய் சொல்லிவிட்டா. பின்னேரம் மறுபடி பட்டது, இந்த முறை நிற்கவில்லை. துறைக்கு வந்தபோது பாதையை ஓட்டம் முடித்துக் கரையில் கட்டியாயிற்று. தோணியில் போட்டுக் கொண்டுவந்தோம். தாய் தப்பினாள், பிள்ளை தப்பவில்லை. அன்றைக்குப் பகல் முழுக்கப் பாதை ஓடியது. அந்த வீட்டில் அவளில் அன்பில்லாத ஆள் ஒருவரும் இல்லை. முடிவெடுக்கிற ஆள் யார் என்பதுதான் தெளிவாக இருக்கவில்லை.

அதனால் இன்றிரவே வீட்டில் பேசி முடிக்க வேண்டிய முதல் விஷயம் இது. ரத்தம் பட்டால் யாரையும் கேட்கத் தேவையில்லை, உடனே போவது. புருஷன் வேலையில் இருந்தாலும், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாலும், நீங்களே போன் எடுத்து வாகனத்தைக் கூப்பிடலாம், பிறகு அவர்களுக்குச் சொல்லலாம். இதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டால் அந்த நேரத்தில் உங்களுக்கே தயக்கம் வரும்.

இனி உங்கள் உடம்புக் கதை. கொடி என்று அவர்கள் சொன்னது தொப்புள்கொடி இல்லை. நச்சுக்கொடி, பழைய ஆக்கள் இளங்கொடி என்பார்களே, அது. வழக்கமாக அது கர்ப்பப்பையின் மேற்பக்கமோ பக்கச் சுவரிலோ ஒட்டியிருக்கும். சிலருக்குக் கீழே வந்து வாசலை மூடிக் கிடக்கும், அல்லது வாசலுக்கு 20 மில்லிமீற்றருக்குள் இருக்கும். 20 கிழமை ஸ்கேனில் இப்படித் தெரிந்த பலருக்கும் பிறகு அது மேலே போய்விடுகிறது. கொடி எழும்பி நடப்பதில்லை, கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் வளர்ந்து விரிய அது வாசலைவிட்டுத் தள்ளிப் போகிறது. ஆகவே 32 கிழமையளவில் ஒரு ஸ்கேன், அப்போதும் கீழே இருந்தால் 36 கிழமையளவில் இன்னொன்று பார்ப்பார்கள். உள்வழியாகச் சின்னக் கருவி வைத்துப் பார்க்கிற ஸ்கேனுக்குச் சொன்னால் மறுக்காதீர்கள். கொடியும் வாசலும் எவ்வளவு தூரம் என்று அதில்தான் சரியாகத் தெரியும், அதனால் ஆபத்தும் இல்லை.

உங்களுக்கு இன்னொரு கேள்வி கூடுதலாக இருக்கிறது. பழைய சீசர் தழும்புக்கு மேலேதான் கொடி கிடக்கிறதா? இதை 32 கிழமை ஸ்கேனில் டொக்டரிடம் இதே சொற்களில் கேளுங்கள். தழும்புக்குள் கொடி வேர்விட்டிருந்தால் பிள்ளையை எடுத்த பிறகும் அது இலேசில் கழராது, ரத்தம் நிறையப் போகும், சில வேளை கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். கேட்கவே பயமாக இருக்கிறது, தெரியும். ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் 35, 36 கிழமையில் நாள் குறித்து, ரத்தத்தை ஆயத்தமாக வைத்து, மயக்கமருந்து நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில் பகல் வெளிச்சத்தில் செய்வார்கள். தெரியாமல் போய் நடு இரவில் தியேட்டர் மேசையில் கண்டுபிடிப்பதுதான் மோசம். தழும்பில் இல்லை, வாசலை மட்டும் மூடியிருக்கிறது என்றால், சிக்கல் வேறு இல்லாதவர்களுக்கு 36, 37 கிழமையில் சீசர். இரண்டில் எதுவானாலும் மார்கழிவரை நீங்கள் காத்திருக்கப் போவதில்லை. கார்த்திகையிலேயே பிள்ளை கையில் இருக்கலாம் என்று எண்ணித்தான் எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

கொடி கீழே இருக்கும்போது வருகிற ரத்தம் நோவில்லாமல், சிவப்பாக, திடீரென வரும். தானாக நிற்கவும் செய்யும். நின்றதை நம்பாதீர்கள், முதல் தடவை எச்சரிக்கை மாதிரி. வயிறு கல்லுப்போல இறுகி நோவோடு ரத்தம் வந்தால் அது வேறு கதை, கொடி பிரிகிறது என்று அர்த்தம், இன்னும் அவசரம். இரண்டுக்கும் ஒரே பதில்: ஆஸ்பத்திரி. போன இடத்தில் புதிதாக யாராவது உள்ளே விரல் விட்டுப் பார்க்க வந்தால், ‘எனக்குக் கொடி கீழே’ என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். ஸ்கேன் பார்க்காமல் அப்படிச் சோதிப்பது ரத்தத்தைக் கிளறிவிடும். புருஷனோடு சேர்வது இந்தக் காலத்தில் வேண்டாம். வயிறு தடவிப் பிள்ளையைத் திருப்புகிற பெரியம்மாக்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், ஆமணக்கெண்ணெய் குடித்தால் கெதியாக நோவு வரும் என்று சொல்கிற ஆக்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் வயிற்றில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.

கொடி மேலே போய்விட்டால்? அப்போது சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்ற கேள்வி வரும். ஒரே ஒரு சீசர் செய்தவர்கள் முயன்றால் 100 பேரில் 70 பேருக்கு மேல் வழமையான வழியில் பெறுகிறார்கள். பழைய தையல் விடுவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. சின்ன எண்தான், ஆனாலும் அது நடந்தால் நிமிடக் கணக்கில் தியேட்டருக்குப் போக வேண்டும், ஆகவே அந்த முயற்சியைத் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்யலாம். மூத்தவனுக்கு ஏன் சீசர் செய்தார்கள் என்பது இதில் முக்கியம். அந்தப் பழைய துண்டைத் தேடி எடுத்து இப்போதே கர்ப்பவதிக் கார்டோடு வையுங்கள்.

பிரஷருக்கு வருவோம். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் ரத்தம் பட்டால் ஆள் ஓடும், பிரஷருக்கு ஓடாது. 140/90 என்பது எல்லை. ஒரு தடவை அப்படிக் காட்டியதை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள், இருக்கவிட்டுத் திரும்பப் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள். 160/110 என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது கண்ணுக்குள் மின்னல், வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவு, முகமும் கையும் ஒரே நாளில் வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். பின்னேரத்தில் கால் வீங்குவது எல்லோருக்கும் வரும். மோதிரம் கழராமல் போவதும் காலையில் எழும்பும்போதே முகம் ஊதியிருப்பதும்தான் வேறு. தலையிடி என்று பெனடோல் போட்டுக்கொண்டு படுத்து, இரவில் வலிப்பு வந்து கொண்டுவந்த தாய்மாரைக் கண்டிருக்கிறேன். பேய் பிடித்தது என்று நூல் கட்டிவிட்டு வந்த ஒருத்தியையும் கண்டிருக்கிறேன்.

குளிசை தந்தால் பிரஷர் இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது, இறங்கியிருப்பதே குளிசையால்தான். முதல் பிள்ளையிலும் பிரஷர் இருந்திருந்தால் இம்முறை அஸ்பிரின் சின்ன அளவில் தந்திருப்பார்கள். சீசருக்கு நாள் குறிக்கும்போது அதை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். உப்பை முற்றாக விட்டுப் பச்சைத்தண்ணீர்ச் சோறு சாப்பிடத் தேவையில்லை. கருவாடு, ஊறுகாய், பக்கற் நொறுக்குகளைக் குறைத்தால் போதும். இந்தப் பிரஷருக்கு முடிவான மருந்து ஒன்றே ஒன்றுதான், பிள்ளையும் கொடியும் வெளியே வருவது. அதனால்தான் நாள் கணக்கைப் பார்க்காமல் முந்தி எடுக்க நேரிடுகிறது.

பிள்ளையின் துடிப்பையும் கவனியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழக்கம் இருக்கும். சிலது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூத்தாடும். உங்கள் பிள்ளையின் வழக்கம் மாறிக் குறைந்தால் இடப்பக்கம் சரிந்து படுத்துக் கவனித்துப் பாருங்கள். அப்போதும் குறைவென்றால் அதே நாளில் போய்க் காட்டுங்கள். சீனிபோட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு விடியட்டும் என்று இருப்பது நம்ம ஊர்ப் பழக்கம், அதை விடுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்தால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து பிரதான வீதியால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. கிட்டத்தில் இருக்கிற பிரதேச வைத்தியசாலையில் பிரஷர் பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், ஆனால் சீசருக்குத் தியேட்டர் அங்கே இல்லை. உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று டொக்டரைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கொடி கீழேயே, அதிலும் தழும்பிலே கிடந்தால் அநேகமாகப் போதனா வைத்தியசாலை என்றுதான் எழுதுவார். கல்முனைப் பக்கம், அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்கள் தங்கள் கிளினிக்கிலேயே கேட்டு இதேபோல எழுதி வாங்குங்கள்.

மாரியை மறக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் வெல்லாவெளிப் பக்கத்து வீதிகளைத் தண்ணீர் குறுக்கறுத்துப் பாய்வது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரானுக்கு அப்பால் புலிபாய்ந்தகல் பக்கத்திலும், அம்பாறை மாவட்டத்தில் நாவிதன்வெளிக்குப் போகிற கிட்டங்கித் தாம்போதியிலும் இதே கதைதான். வெள்ளம் இல்லாத இரவென்றால் யானை. ஆகவே எனது கணக்கு இது: 34 கிழமை தொடங்கியதும் நீங்கள் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருக்க வேண்டும். வார்ட்டில் தங்கச் சொன்னால் வார்ட்டில், சொல்லாவிட்டால் களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பிலோ ஒரு சொந்தக்கார வீட்டில். அப்படி இடம் மாறினால் உங்கள் ஊர் மருத்துவமாதுக்கும் போகிற இடத்து மருத்துவமாதுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். இதைச் செய்யாததால் பிள்ளை பெற்றபின் யாரும் வந்து பார்க்காத தாய்மார் இருக்கிறார்கள். இவர் அங்கே என்று நினைக்க, அவர் இங்கே என்று நினைக்க, நாள் போய்விடும்.

அதுவரை வீட்டில் இருக்கும் நாட்களுக்கு: 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. உங்கள் வளவுக்கு வழி சொல்லப் பழகி வையுங்கள், எந்தச் சந்தி, எந்தக் கோயில், எத்தனையாவது ஒழுங்கை. அந்தரத்தில் சொந்த வீட்டுக்கே வழி சொல்ல வராது. அம்புலன்ஸ் வரப் பிந்தினால் கூப்பிட இரண்டு ஓட்டோக்காரர்களின் நம்பர் சுவரில் எழுதி இருக்கட்டும், ஒருவர் இரவில் போனை நிறுத்திவிட்டுப் படுக்கிறவராக இருந்தால் மற்றவர் வேண்டும். மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏற வேண்டாம். அம்புலன்ஸ் முதலில் கிட்டடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சண்டை பிடிக்காதீர்கள். அங்கே சேலைன் ஏற்றி, அடுத்த இடத்துக்குச் சொல்லி அனுப்புவதும் நேரத்தை மிச்சம்பிடிக்கிற வேலைதான்.

கர்ப்பவதிக் கார்ட் எப்போதும் உங்களோடு, கடைக்குப் போனாலும். தனியார் இடத்தில் சனல் பண்ணி எடுத்த ஸ்கேன் துண்டுகளையும் அதற்குள்ளேயே வையுங்கள். வார்ட்டில் இரவு இரண்டு மணிக்கு உங்களைப் பார்க்கிற டொக்டருக்கு உங்களைத் தெரியாது, கார்டைத்தான் தெரியும். முன் மட்டையில் ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: முதல் பிள்ளை சீசர், கொடி கீழே, பிரஷர், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து. நான் வார்ட்டில் இருந்தபோது இப்படி எழுதி ஒட்டிக்கொண்டு வந்தவர் ஒரே ஒரு தாய்தான். அவரை நாங்கள் கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை.

ரத்தத்தைப் பற்றி ஒரு பெரிய பயம் எல்லோருக்கும் இருக்கிறது, படம் பார்த்து வந்த பயம். ஆள் தேடி ஓட வேண்டுமோ என்று. நம்ம நாட்டில் 2014 முதல் ரத்தவங்கிக்கு வருவது முழுக்க விரும்பிக் கொடுப்பவர்களின் ரத்தம்தான், நீங்கள் பதிலுக்கு ஆள் கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் உங்களது நெகட்டிவ் வகை என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரத்தம் பட்டால் அதற்கென்று ஒரு ஊசியும் போட வேண்டியிருக்கும். மற்றபடி மிக நல்ல ரத்தவங்கி உங்கள் உடம்புதான். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் இந்தச் சில கிழமையில் ஏற்றப் பாருங்கள். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்றையொன்று கெடுக்கும். இரும்பை விற்றமின் சியோடு இரவிலும் கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடும் வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். முருங்கை இலைச் சுண்டலுக்குக் கொஞ்சம் தேசிப்புளி விடுங்கள்.

இப்போது அம்மாவின் துணிப் பிரச்சினை. அம்மா சொல்வதில் எனக்குக் கோபமில்லை, அவருடைய காலத்தில் வாங்கி வைத்த துணியை மடித்து எடுத்துவைத்த வீடுகள் நிறைய. ஒரு வழி சொல்கிறேன். புதிது ஒன்றும் வாங்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டி, பழைய சேலை, மூத்தவனின் சட்டைகள், இவற்றைத் துவைத்து நல்ல வெயிலில் காயவைத்து ஒரு பையில் வையுங்கள். பிறந்த பிள்ளையின் தோலுக்குப் புதுத்துணியைவிடப் பழந்துணியே மெத்து என்று அம்மாவே சொல்வா. உங்களுக்கு முன்பக்கம் திறக்கிற சட்டை மூன்று நாலு, பெரிய பாட், துவாய், சவர்க்காரம், கோப்பை, சுடுதண்ணிப் போத்தல், போன் சார்ஜர், அடையாள அட்டை. சீசர் என்றால் இறுக்கமான இடுப்புக் கட்டுள்ள உடுப்பு தழும்பில் உரசும், தளர்ந்தது கொண்டுபோங்கள். நகை வீட்டில் இருக்கட்டும். நகப்பூச்சும் மருதோன்றியும் வேண்டாம், நகம் வெளிறுகிறதா நீலிக்கிறதா என்று தியேட்டரில் பார்க்க வேண்டும்.

மூத்தவனைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் என் மனதைத் தொட்டது. நம்ம பக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. பிரசவத்துக்கென்று பெண் தாய் வீடு தேடிப் போவதில்லை, கலியாணம் முடித்ததும் வீடும் வளவும் அவளுக்கே என்பதால் தாயும் சகோதரிகளும் ஏற்கெனவே வேலிக்கு அந்தப்பக்கம்தான். ஆகவே அவன் அவனுடைய வீட்டிலேயே, அவனுடைய பாயிலேயே இருக்கலாம். அவனை உங்களோடு எழுவான்கரைக்கு இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அம்மா அவனோடு இருக்கட்டும், உங்களோடு வர ஒரு சகோதரி அல்லது சித்தி. அம்மா இல்லாமலா என்று கேட்பீர்கள். தைரியம் உள்ள, கேள்வி கேட்கத் தெரிந்த, இரவில் விழித்திருக்கக்கூடிய ஆள்தான் ஆஸ்பத்திரிக்குத் தேவை. நம்ம அம்மாமார் வார்ட் வாசலில் நின்று அழுவார்கள், பிறகு நாம்தான் அவர்களைத் தேற்ற வேண்டும். இப்போதிருந்தே ஒன்றிரண்டு இரவுகள் அவனை அம்மம்மாவோடு படுக்கப் பழக்குங்கள். நீங்கள் போகிற நாளில் ஒளித்துப் போகாமல் சொல்லிவிட்டுப் போங்கள், அழுவான், அழட்டும்.

சீசர் நாளில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒன்று உங்களுக்குப் பழக்கம்தானே. சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். முடிந்தவர்களுக்கு முதுகில் ஊசி, ரத்தம் அதிகம் போகும் என்று நினைத்தால் முழு மயக்கம். சம்மதப் பத்திரத்தை வாசித்து, விளங்காததைக் கேட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்கள், அது உங்கள் உடம்பு. இனிப் பிள்ளை வேண்டாம் என்ற யோசனை இருந்தால் அதை இந்தக் கிழமைகளில் புருஷனோடு பேசி டொக்டரிடம் சொல்லுங்கள். மேசையில் படுத்துக்கொண்டு எடுக்கிற முடிவல்ல அது.

பிள்ளை பெட்டிக்குள் இருக்குமா? 37 கிழமையில் பிறந்தால் அநேகமாக உங்களோடேயே இருக்கும். 34க்கு முன் எடுக்க வேண்டி வந்தால், அதற்கு முன்னால் பிள்ளையின் நுரையீரல் முதிர உங்களுக்கு ஊசி போடுவார்கள். அது முழுக்க வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும், முந்தி வந்து சேருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குறைமாதப் பிள்ளைகள் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் பிறப்பது, வேறிடத்தில் பிறந்து வாகனத்தில் வருவதைவிட நல்லது. வயிற்றில் இருக்கும்போது நீங்கள்தான் அதற்கு ஆகச் சிறந்த அம்புலன்ஸ்.

அங்கே பிள்ளை இருந்தால் உங்கள் வேலை நிற்காது. முதல் ஒரு மணித்தியாலத்திலோ, எழும்ப முடிந்தவுடனேயோ, கையால் பாலைப் பிழிந்தெடுக்கத் தொடங்குங்கள். முதல் நாளில் மஞ்சளாக நாலு சொட்டுத்தான் வரும், அந்தக் கடும்புப்பால் அதற்கு மருந்து. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும். மிஸ்மார் அதைக் குழாயாலோ சின்னக் கோப்பையாலோ கொடுப்பார்கள். பிறகு நெஞ்சோடு தோல் தோலாக அணைத்து வைத்திருக்கச் சொல்வார்கள், அப்பாவும் வைத்திருக்கலாம். வார்ட்டில் மற்றவர்களின் பிள்ளைகள் அழ, உங்கள் பக்கம் வெறுங்கட்டிலாக இருக்கும். அந்த இரண்டு மூன்று இரவுதான் கஷ்டம். அப்போது போனை எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவரை நியமியுங்கள், அவர் எல்லோருக்கும் சொல்லட்டும்.

பிள்ளை வந்தால் பிரஷர் போய்விட்டது என்று நினைப்பதுதான் நான் கண்ட மிகப் பெரிய பிழை. பெற்றபின் முதல் கிழமையில், குறிப்பாக மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை, அது திரும்ப ஏறும். வலிப்பும் அப்போது வரலாம். வீட்டுக்குப் போய்த் துடக்குக் காத்து அறைக்குள் படுத்திருக்கிற நாள் அது, 31 நாள் காத்தாலும் சரி, நம்ம முஸ்லிம் சகோதரிகள் 40 காத்தாலும் சரி. தலையிடி வந்தால் துடக்கைப் பார்த்து வீட்டுக்குள் இருக்கக்கூடாது. சரக்கு அரைத்துக் கொடுக்கட்டும், பால்சுறா சமைத்துக் கொடுக்கட்டும், நல்லது. தண்ணீரைக் குறைக்கச் சொன்னால், பிரஷர்க் குளிசை பாலில் இறங்கும் என்று நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். பாலூட்டும்போது போடக்கூடிய குளிசையாகத்தான் தந்திருப்பார்கள். பாட் ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்து நிரம்பினாலும், காய்ச்சல் வந்தாலும், தையல் சிவந்து நீர் வடிந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும் மறுபடி ஆஸ்பத்திரி. முதல் பத்து நாளில் மருத்துவமாது இரண்டு தடவையாவது வர வேண்டும், வராவிட்டால் நீங்களே போன் எடுங்கள். மனம் சரியில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று வந்தாலும் அவரிடம் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 1926க்கு அடித்தால் மனநல உதவியும் கிடைக்கும்.

மாமாங்கத்துக்கோ மண்டூருக்கோ நேர்த்தி வைத்திருந்தால் அதைப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆன பிறகு நிறைவேற்றலாம், சாமி காத்திருப்பார்.

அடுத்த கிளினிக்கில் இரண்டு கேள்வி கேளுங்கள்: கொடி தழும்பின் மேலா, நான் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனையாவது கிழமையில் வர வேண்டும். 32 கிழமை ஸ்கேன் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள் மகள். கொடி மேலே ஏறியிருந்தால் நான் இங்கே எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.